வலது கை தாமதமாக வரும்

ஆர்ட் பிளேக்கி ஜாஸ் உலகம் கண்ட பெரிய டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர். தான் டிரம்ஸ் பக்கம் வந்த கதையை வயதான பிறகும் சலிக்காமல் சொல்வார். பதின்ம வயதில் அவர் பிட்ஸ்பர்க் நகரத்து இரவு விடுதி ஒன்றில் பியானோ வாசித்துக்கொண்டு குழுவையும் நடத்தினார். நோட்ஸ் படிக்கத் தெரியாது. அது வெளியே தெரியாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் புதிதாக எழுதி வந்த இசைக்குறிப்பை முன்னால் வைத்தார்கள். பிளேக்கி திணறினார். மூலையில் இருந்த குட்டையான பையன் ஒருவன் குழு வாசித்ததை ஒரு முறை கேட்டான், பியானோ முன் போய் உட்கார்ந்தான், பிசகில்லாமல் வாசித்துவிட்டான். விடுதி முதலாளி இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்கிற ரகம். பியானோவில் பையன் இருக்கட்டும், நீ போய் டிரம்ஸ் அடி என்று பிளேக்கியிடம் சொல்லிவிட்டார். துப்பாக்கியோடு யார் வாதாடுவது?

இந்தக் கதைக்குக் கொஞ்சம் கண், காது, மூக்கு வைக்கப்பட்டிருக்கலாம். பையன் மட்டும் நிஜம். பெயர் எரோல் கார்னர். வேடிக்கை என்னவென்றால், அவனுக்கும் நோட்ஸ் படிக்கத் தெரியாது. பிளேக்கியைப் போல அதை மறைக்கவும் இல்லை, சாகும்வரை கற்றுக்கொள்ளவும் இல்லை.

கார்னரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு தகவலோடு நின்றுவிடுவார்கள். படிக்கத் தெரியாத மேதை, பிறவி வரம், காற்றில் வந்த இசை என்று வர்ணித்து முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எந்த ஊரில் வளர்ந்தார், அந்த ஊரில் என்னென்ன காதில் விழுந்தது என்று பார்த்தால் வரம் என்ற சொல்லுக்கு அவ்வளவு வேலை இருக்காது.

பிட்ஸ்பர்க் எஃகு நகரம். அலெகெனி, மொனொங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகப் புறப்படும் இடத்தில், கரையெங்கும் உருக்காலைகளோடு வளர்ந்த ஊர். பகலிலும் தெருவிளக்கு எரியவேண்டிய அளவுக்குப் புகை மண்டிய நாட்கள் அங்கே உண்டு. ஆலை வேலையை நம்பித் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வந்தபடி இருந்தன. அவர்களோடு தேவாலயப் பாட்டு வந்தது, புளூஸ் வந்தது. சம்பளம் கையில் இருந்ததால் வீட்டுக்கொரு பியானோ வாங்கும் ஆசையும் வந்தது.

கார்னர் பிறந்தது 1921 ஜூன் 15. அதற்கு ஏழு மாதம் முன்னால், 1920 நவம்பர் 2 அன்று, அதே ஊரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் கே.டி.கே.ஏ. வானொலி ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பி, அமெரிக்க வணிக வானொலியின் கணக்கைத் தொடங்கிவைத்தது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எழுத்துப் படிக்காமலேயே உலகத்து இசையையெல்லாம் வீட்டுக் கூடத்தில் கேட்டு வளர முடிந்த முதல் தலைமுறை அது. ஏழு வயதில் 'கேண்டி கிட்ஸ்' என்ற சிறுவர் குழுவோடு அதே கே.டி.கே.ஏ.வில் கார்னர் வாசித்தான். பதினோரு வயதில் அலெகெனி ஆற்றில் ஓடிய கேளிக்கைப் படகுகளில் வாசித்தான்.

ஆறு பிள்ளைகள் இருந்த வீடு. எரோலும் எர்னெஸ்ட்டும் இரட்டையர், அவர்கள்தான் கடைக்குட்டிகள். மூத்தவர்களுக்கு பியானோ சொல்லிக்கொடுக்க ஆசிரியை வருவார். அவர் வாசித்துக் காட்டியதையெல்லாம் பாடம் முடிந்ததும் மூன்று வயது எரோல் பியானோவில் ஏறி அப்படியே வாசிப்பான். அண்ணன் லிண்டன் முறையாகப் படித்து அவரும் தொழில்முறை பியானோ கலைஞரானார். பின்னால் அதே ஆசிரியை எரோலுக்குப் பாடம் எடுக்க முயன்றபோது, பையன் பக்கத்தைப் பார்க்காமல் காதை வைத்தே சமாளிக்கிறான் என்று கண்டுபிடித்தார். பாடம் அத்தோடு நின்றது. நம் ஊரில் இதைக் கேள்வி ஞானம் என்று மரியாதையாகச் சொல்வோம். அமெரிக்க இசைத் தொழிலில் அதற்கு அந்த மரியாதை கிடையாது என்பதை அவர் பிறகு தெரிந்துகொண்டார்.

அந்த ஊரில் பியானோக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜாஸ் பியானோவில் வலது கையை ட்ரம்பெட் போலப் பேசவைத்த ஏர்ல் ஹைன்ஸ், பக்கத்து ஆலை ஊரான டுகேனில் பிறந்தவர். ஹோம்வுட் பகுதியை ஒட்டிய வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர் பட்டியலை ஒரு முறை பார்த்தால் போதும்: மேரி லூ வில்லியம்ஸ், டியூக் எலிங்டனின் வலது கையாக இருந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன், எரோல் கார்னர், அவருக்கு ஒன்பது ஆண்டு இளையவரான அஹ்மத் ஜமால். ஒரே அரசுப் பள்ளி! ரே பிரவுன் என்ற பையனும் அந்த ஊரில் பியானோவில்தான் தொடங்கினான். தன்னைச் சுற்றி இத்தனை பியானோக்காரர்கள் இருப்பதைப் பார்த்து, ஆளில்லாமல் கிடந்த பாஸ் வாத்தியத்தை எடுத்துக்கொண்டான். உலகம் போற்றிய ஜாஸ் பாஸ் கலைஞர் ஆனான். பிளேக்கியையும் சேர்த்தால், பியானோவில் இடம் கிடைக்காத இருவர் வேறு இரண்டு வாத்தியங்களின் சரித்திரத்தை மாற்றியிருக்கிறார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, அந்தப் பள்ளிப் பட்டியலில் மற்றவர்கள் எல்லோரும் நோட்ஸ் படித்தவர்கள். ஸ்ட்ரேஹார்ன் மருந்துக்கடையில் வேலை பார்த்த காசில் பியானோ வாங்கி, செவ்வியல் இசையை முறையாகக் கற்றார். ஜமாலுக்குப் பாடம் சொன்னவர் மேரி கார்ட்வெல் டாசன். கறுப்பினத்தவருக்கென்று தேசிய ஆப்பெரா நிறுவனத்தையே 1941-ல் தொடங்கிய அம்மையார் அவர். அந்தப் பட்டியலில் படிக்காமல் இருந்தவர் கார்னர் ஒருவர்தான். ஊருக்கு வந்திருந்தபோது மேரி லூ வில்லியம்ஸ் இந்தப் பையனைத் தேடிப்போய்க் கேட்டார். நோட்ஸ் சொல்லிக்கொடுக்கலாமே என்று கொஞ்சம் முயன்றும் பார்த்தார். விரைவிலேயே அந்த எண்ணத்தைக் கைவிட்டார். மற்றவர்கள் ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்ப்பதைவிட அதிகம் பையனிடம் ஏற்கனவே இருக்கிறது என்பது அவர் முடிவு.

   

உள்ளூர் இசைக்கலைஞர் சங்கம் கார்னரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. காரணம், நோட்ஸ் படிக்கத் தெரியாது என்பதுதான். சங்க அட்டை இல்லாதவனுக்கு நல்ல மேடைகள் கிடைப்பது கடினம். 1956-ல்தான் சங்கம் மனம் இறங்கி அவருக்குக் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது. அதற்குள் அவர் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பெயர். அந்தக் கௌரவம் யாருக்கு அதிகம் தேவைப்பட்டது என்று யோசிக்கலாம்.

கார்னர் நியூயார்க்குக்குப் போனது 1944-ல். அப்போது ஐம்பத்திரண்டாவது தெருவில் சிறு சிறு கிளப்புகள் வரிசையாக இருந்தன. பாஸ் கலைஞர் ஸ்லாம் ஸ்டூவர்ட்டின் குழுவில் சிறிது காலம் வாசித்தார், பிறகு சொந்தமாக மூவர் குழு அமைத்தார். 1945-ல் சவாய் நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த 'லாரா' என்ற சினிமா மெட்டு நன்றாக விற்றது. ஆனால் அந்த ஆண்டுகளில் ஜாஸ் பியானோ இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. கார்னரை எந்தப் பக்கம் வைப்பது என்று யாருக்கும் புரியவில்லை.

பழைய பக்கம் ஹார்லெம் நகரப்பகுதியின் ஸ்ட்ரைட் பாணி. இடது கை கீழே ஒரு சுரத்தை அடித்துவிட்டு, நடுவுக்குத் தாவி ஒரு கார்டை, அதாவது ஒரு சுரக்கொத்தை, அடிக்கும். கீழே, நடுவே, கீழே, நடுவே என்று ஓயாத தாவல். ஃபாட்ஸ் வாலர் இதில் மன்னர். புதிய பக்கம் பீபாப். பட் பவல் போன்றவர்கள் இடது கையின் வேலையை ஏறக்குறைய ஓய்வுக்கு அனுப்பினார்கள். அங்கொன்று இங்கொன்றாக ஒரு குத்து மட்டும். தாளத்தை பாஸும் டிரம்ஸும் பார்த்துக்கொள்ளட்டும், வலது கை மின்னல் வேகத்தில் ஓடட்டும் என்பது அவர்கள் கட்சி.

கார்னர் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. அவருடைய இடது கை தாவவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை. பியானோவின் நடுப்பகுதியில் நின்றபடி, ஒரு சுற்றின் நான்கு அடிக்கும் நான்கு கார்டுகள் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒன்று, ஏறாமல் இறங்காமல், காலப்பிரமாணம் இம்மி பிசகாமல். பெரிய பேண்டுகளில் கிட்டார்க்காரர் செய்யும் வேலை அது. கவுண்ட் பேஸியின் குழுவில் ஃபிரெடி கிரீன் பல பத்தாண்டுகள் செய்தது அதைத்தான். கார்னரின் விரல்கள் கார்டின் சுரங்களை ஒரே நேரத்தில் அமுக்காமல் லேசாகச் சிதறவிடும்போது, தந்தியை வருடுவது போன்ற கரகரப்புகூடக் கேட்கும். கிட்டாரே இல்லாத குழுவில் கிட்டார் கேட்கிறதே என்று முதல் முறை கேட்கிறவர்கள் தேடுவதுண்டு.

வலது கை கதையே வேறு. அது மெட்டை எடுத்துக்கொண்டு வரும், ஆனால் அடியில் வராது. அடி விழுந்து ஒரு கண நேரம் கழித்து வரும். பள்ளி மணி அடித்த பிறகு தெருமுனையில் நிதானமாகத் திரும்பி, வாசல் கதவு சாத்தும் கடைசி நொடியில் உள்ளே நுழைந்துவிடுகிற பையனைப் போல. எவ்வளவு தாமதம் என்பதும் ஒரே அளவில் இருக்காது. சில அடிகளில் மிகவும் பின்தங்கி, இனி சேரவே முடியாது என்று நமக்குத் தோன்றும்போது ஒரே பாய்ச்சலில் இடது கையோடு வந்து சேர்ந்துகொள்ளும். அந்தச் சேரும் இடம்தான் கார்னர். கேட்கிறவர்கள் காரணம் தெரியாமல் சிரித்துவிடுவது அங்கேதான்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்து பார்த்த பியானோக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டார்கள். ஒரு கை மெதுவாகப் போனால் இன்னொரு கையும் தானாக மெதுவாகும் என்பது மனித உடம்பின் சுபாவம். இரண்டு கைகளுக்கும் இரண்டு நேர உணர்வு வேண்டும், அதுவும் ஒரு கை மட்டும் நினைத்தபோது நினைத்த அளவுக்குப் பின்வாங்கவேண்டும். நோட்ஸில் இதை எழுதவும் முடியாது. எழுத முயன்றால் காகிதம் கறுத்துப்போகும், வாசித்தால் கார்னர் வரமாட்டார். படிக்கத் தெரியாததால் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகையாக இருக்கலாம். படித்திருந்தால் இந்தத் தாமதத்தைப் பிழை என்று யாராவது திருத்தியிருப்பார்கள் என்று சொல்லலாம்.

பாணியின் இன்னொரு பாதி ஒலியின் அளவில் இருக்கிறது. கிசுகிசுப்பாக வாசித்துக்கொண்டிருப்பார், திடீரென்று பத்து விரலும் சேர்ந்து ஒரு பித்தளைப் படையே எழுந்து நின்றது போல வெடிக்கும், அடுத்த கணம் மறுபடியும் கிசுகிசுப்பு. பெரிய பேண்டுகளை, முக்கியமாக ஜிம்மி லன்ஸ்ஃபோர்டின் குழுவைக் கேட்டு ஊறிய காது அவருடையது. ட்ரம்பெட் வரிசை, சாக்ஸஃபோன் வரிசை, கிட்டார் எல்லாவற்றையும் 88 கட்டைகளுக்குள் கொண்டுவரப் பார்த்தார். வலது கையில் ஆக்டேவ்களாக மெட்டை முழக்குவது, நடுநடுவே விரல்களை நடுங்கவிடுவது எல்லாம் ஏர்ல் ஹைன்ஸின் வழி வந்தவை. வாசிக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு முனகலும் கூடவே வரும். ஒலிப்பதிவுப் பொறியாளர்களால் அதை நீக்கவே முடியவில்லை, பிறகு நீக்க நினைக்கவும் இல்லை.

முன்னுரை வாசிப்பு இருக்கிறதே, அது தனி விளையாட்டு. பாட்டைத் தொடங்கும் முன் அரை நிமிடமோ அதற்கு மேலோ, எந்தப் பாட்டுக்கும் சம்பந்தமில்லாத எதையோ வாசிப்பார். செவ்வியல் போலத் தொடங்கும், சண்டை போலத் திரும்பும், கலைந்து விழும். அரங்கமே என்ன பாட்டு என்று ஊகித்துக்கொண்டிருக்கும். கூட வாசிப்பவர்களுக்கும் தெரியாது. ஒத்திகை என்ற வழக்கம் அவரிடம் அநேகமாகக் கிடையாது, எந்தச் சுருதியில் வரப்போகிறார் என்றும் சொல்லமாட்டார். பாஸ் கலைஞர் எடி கால்ஹூனும், 1956-லிருந்து பத்து ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்த கெல்லி மார்ட்டினும் அவருடைய கைகளைப் பார்த்தபடியே காத்திருப்பார்கள். பிறகு சட்டென்று மெட்டு பிறக்கும், மூவரும் ஒன்றாக இறங்குவார்கள், கைதட்டல் எழும். அவரது ஒலிப்பதிவு அமர்வுகளும் இப்படியே நடந்தன. பெரும்பாலும் முதல் வாசிப்பே இறுதி வாசிப்பு.

உயரம் ஐந்தடி இரண்டங்குலம். பியானோ நாற்காலி போதாமல், அதன்மேல் கனமான தொலைபேசி டைரக்டரியைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பார்.

பீபாப்காரர்களோடு அவருக்குப் பகை ஒன்றும் இல்லை. 1947 பிப்ரவரியில், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்திருந்த சார்லி பார்க்கர், லாஸ் ஏஞ்சலிஸில் டயல் நிறுவனத்துக்காகக் கார்னரின் மூவர் குழுவோடு வாசித்தார். 'கூல் புளூஸ்' அன்று பதிவானது. பீபாப்பின் தலைமகன் தன் வேகத்தில் பறக்கிறார், கீழே கார்னர் தன் வழக்கப்படி நான்கு அடிக்கும் நான்கு கார்டுகள் அடித்துக்கொண்டிருக்கிறார். பொருந்தாது என்று எல்லோரும் சொல்லியிருக்கக்கூடிய கூட்டணி. நன்றாகவே பொருந்துகிறது.

அவர் பெயரை எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோனது 'மிஸ்டி'. 1954-ல் ஒரு விமானப் பயணத்தில் மழைமேகத்துக்கு நடுவே வானவில்லைப் பார்த்தபோது மெட்டு மனதில் வந்தது என்பார். வேறொருவராக இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருப்பார். கார்னருக்கு அந்த வழி இல்லை. முனகிக்கொண்டே, கற்பனைக் கட்டைகளை முழங்காலில் தட்டிக்கொண்டே, விமானம் இறங்கி ஒரு பியானோ கிடைக்கும்வரை மனதில் சுமந்தார். அதே ஆண்டு ஜூலையில் மெர்க்குரி நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தார். ஜானி பர்க் பிறகு வரிகள் எழுதினார், 1959-ல் ஜானி மேத்திஸ் பாடியது பெரும் வெற்றி பெற்றது. நோட்ஸ் எழுதத் தெரியாத ஒருவர் உருவாக்கிய அந்த மெட்டு, இன்று நோட்ஸாக அச்சாகி உலகத்துப் பியானோ வகுப்புகளிலெல்லாம் மாணவர்கள் முன் இருக்கிறது.

1955 செப்டம்பர் 19. கலிபோர்னியா கடற்கரையில் கார்மல் என்ற சிற்றூர். சன்செட் பள்ளியின் அரங்கத்தில் கச்சேரி. ஏற்பாடு செய்தவர் ஜிம்மி லயன்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர். மூன்றாண்டு கழித்து மாண்டரே ஜாஸ் விழாவைத் தொடங்கியவர் அவர்தான். பாஸில் எடி கால்ஹூன், டிரம்ஸில் டென்சில் பெஸ்ட். பியானோ நல்ல நிலையில் இல்லை. கச்சேரியைத் தட்டாக வெளியிடும் எண்ணமும் யாருக்கும் இல்லை.

இங்கே மார்த்தா கிளேசர் உள்ளே வருகிறார். 1950-லிருந்து கார்னரின் மேலாளர். வெள்ளை இனப் பெண், இனப்பாகுபாட்டுக்கு எதிரான பணிகளில் முன்பே ஈடுபட்டவர், கண்ணில் எதுவும் தப்பாது. மேடைக்குப் பின்னால் ஒரு டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். வில் தார்ன்பரி என்ற ரசிகர் தனக்கும் தன்னோடு ராணுவத்தில் இருந்த நண்பர்களுக்கும் கேட்பதற்காகப் பதிவுசெய்துகொண்டிருந்தார். கார்னரின் எல்லா இசைத்தட்டுகளையும் உனக்குத் தருகிறேன், இந்த டேப் மட்டும் உன்னிடம் இருக்கக்கூடாது என்று கிளேசர் பேரம் பேசி வாங்கிக்கொண்டார். கொலம்பியா நிறுவனத்தின் ஜார்ஜ் அவாக்கியனிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்.

ஒலித்தரம் சுமார். பாஸ் பல இடங்களில் காதிலேயே விழாது. அப்படியும் 'கான்செர்ட் பை த சீ' என்ற பெயரில் 1956-ல் பதினோரு பகுதிகளோடு தட்டு வெளிவந்தது. 1958-க்குள் அதன் விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஜாஸ் தட்டு ஒன்று அந்தக் காலத்தில் எட்டுவதற்கு அரிய தொகை. ஜாஸ் பிடிக்காதவர்கள் வீட்டிலும் அந்தத் தட்டு இருந்தது. ஸ்டுடியோவில் தேய்த்து மெருகேற்றிய தட்டுகள் எத்தனையோ மறைந்துபோயின, ஒரு ரசிகர் தனக்காக ஓடவிட்ட டேப் நிலைத்துவிட்டது. தட்டின் கடைசியில் அறிவிப்பாளர் கார்னரைப் பேசச் சொல்கிறார். தொண்டை கட்டிய கரகரப்பில், லூயி ஆம்ஸ்ட்ராங்கைவிட மோசமாக இருக்கிறது என்று தன் குரலைத் தானே கேலிசெய்துகொள்கிறார் கார்னர்.

கார்மல் இன்னொரு விதத்திலும் அவர் கதையில் வரும். அங்கே வசித்த கிளிண்ட் ஈஸ்ட்வுட் முதன்முதலாக இயக்கிய படம் 1971-ல் வந்த 'ப்ளே மிஸ்டி ஃபார் மீ'. கதை நடப்பதும் கார்மலில்தான். இரவு வானொலி அறிவிப்பாளர் ஒருவரை ஒரு பெண் விடாமல் தொலைபேசியில் அழைத்து 'மிஸ்டி' போடச் சொல்கிறாள். மென்மையான அந்த மெட்டைத் திகில் படத்தின் ஆணிவேராக மாற்றியது ஈஸ்ட்வுட்டின் குறும்பு.

விற்பனை பெருகினால் வில்லங்கமும் வரும். 1956-ல் கொலம்பியாவோடு போட்ட ஒப்பந்தத்தில் கிளேசர் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார். எந்தப் பதிவு வெளியாகலாம், எது கூடாது என்பதைக் கார்னரே முடிவுசெய்வார். அன்றைய நிலையில் ஒரு கறுப்பினக் கலைஞருக்கு இப்படியொரு உரிமை கிடைப்பது அபூர்வம். பிணக்கு ஏற்பட்டுக் கார்னர் விலகிய பிறகு, 1960-ல் அவர் சம்மதிக்காத பழைய பதிவுகளைக் கொலம்பியா தட்டுகளாக வெளியிட்டது. கார்னர் வழக்குப் போட்டார். பெரிய நிறுவனமும் எதிர்வழக்குப் போட்டது. வழக்கு நடந்த காலத்தில் அவருக்கு நஷ்டம் கொஞ்சமல்ல. 1959 டிசம்பரில் பதிவான 'ட்ரீம்ஸ்ட்ரீட்' 1961 வரை வெளிவரவில்லை. கடைசியில் முடிவு கார்னர் பக்கமே வந்தது. இதற்குள் அவரும் கிளேசரும் 'ஆக்டேவ்' என்று சொந்த நிறுவனமே தொடங்கிவிட்டார்கள்.

படிக்கத் தெரியாத அப்பாவி மேதை என்ற சித்திரம் இந்த இடத்தில் உடைந்துபோகிறது. இசையைக் காகிதத்தில் படிக்காதவர்தான் ஒப்பந்தக் காகிதத்தின் மதிப்பை அந்தத் தலைமுறையில் மற்ற பலரைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் வாசிக்கமாட்டேன் என்பதும் அவர் நிபந்தனை. பெரும்பாலும் செவ்வியல் கலைஞர்களை மேடையேற்றிய சால் ஹுராக் என்ற புகழ்பெற்ற கச்சேரி ஏற்பாட்டாளர், 1958-ல் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட ஜாஸ் கலைஞர் கார்னர். ஒரு காலத்தில் விடுதிப் புகையில் வாசித்தவர் சிம்பொனி அரங்குகளில் வாசித்தார். 1963-ல் 'எ நியூ கைண்ட் ஆஃப் லவ்' என்ற ஹாலிவுட் படத்துக்கு மெட்டுகள் அமைத்தார். அவர் பியானோவில் வாசித்துக் கொடுக்க, வாத்தியக்குழுவுக்கு வேறொருவர் எழுதினார்.

விமர்சகர்கள் அவரை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்கள். சிஷ்யர் படை இல்லை, கொள்கை விளக்கம் இல்லை, மேடையில் சோக முகம் இல்லை. ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அடிக்கடி வந்து புன்னகையோடு வாசித்துவிட்டுப் போவார். இது போதாதா? ஹோட்டல் கூடத்துப் பியானோ என்று சிலர் ஒதுக்கினார்கள். ஜாஸ் சரித்திர நூல்களில் பார்க்கருக்கும் பியானோ கலைஞர் மங்குக்கும் அத்தியாயங்கள் உண்டு, கார்னருக்குப் பெரும்பாலும் ஒரு பத்திதான். இது அநியாயம். வாசித்தவர்களுக்கு மட்டும் இந்தக் குழப்பம் இருக்கவில்லை. ஒரே பள்ளியில் படித்த அஹ்மத் ஜமால் தன்னை உருவாக்கியவர்களில் முக்கியமானவராகக் கார்னரைக் கடைசிவரை சொன்னார். பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங் கார்னரின் பாணியை அச்சாகப் போலி செய்துகாட்டுவார். நகைச்சுவை நடிகரும் தேர்ந்த பியானோ கலைஞருமான டட்லி மூர், தன் வாசிப்புக்குக் கார்னரே ஆதாரம் என்பார்.

நுரையீரல் நோய் 1975-ல் மேடையை நிறுத்தியது. 1977 ஜனவரி 2 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். வயது 55. பிட்ஸ்பர்க்கில் ஹோம்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பிறகு முப்பத்தேழு ஆண்டுகள் மார்த்தா கிளேசர் எல்லாவற்றையும் கட்டிக்காத்தார். டேப்புகள், கடிதங்கள், ஒப்பந்தங்கள், புகைப்படங்கள் எதையும் தூக்கிப்போடவில்லை. யாரையும் எளிதில் நெருங்கவிடவும் இல்லை. அவருடைய இந்தக் கண்டிப்பால்தான் கார்னரின் பெயர் ஒரு தலைமுறைக்கு மங்கிப்போனது என்று குறைபட்டவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் இல்லாவிட்டால் மிச்சமே இருந்திருக்காது. 2014-ல் கிளேசர் காலமானார். அடுத்த ஆண்டு அந்த ஆவணக் குவியல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அங்கே ஜாஸ் துறைக்குத் தலைமை வகித்தவர் ஜெரி ஆலன், அவரும் பெரிய பியானோ கலைஞர். 2015-ல் கார்மல் கச்சேரியை முழுமையாக வெளியிட்ட தயாரிப்பாளர்களில் அவர் ஒருவர். அறுபது ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த இன்னொரு பதினோரு பகுதிகள் அதில் முதன்முதலாகக் கேட்கக் கிடைத்தன. தொடர்ந்து 2016-ல் 'ரெடி டேக் ஒன்', 2018-ல் 1964-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கச்சேரியான 'நைட்கான்செர்ட்' என்று வரிசையாக வெளிவந்தன.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் கார்மல் கச்சேரியில் 'ஐ'ல் ரிமெம்பர் ஏப்ரல்' பகுதியிலிருந்து தொடங்கலாம். முன்னுரை எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று முதலில் பிடியுங்கள். இரண்டாம் முறை இடது கையை மட்டும் கேளுங்கள், விரலால் மேஜையில் நான்கு அடி போட்டுக்கொண்டே. மூன்றாம் முறை வலது கைக்கு மாறினால், அது எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது விரலுக்கே தெரியும். கேட்பது 2015 பதிப்பாக இருக்கட்டும். 1956 தட்டில் பாவம், எடி கால்ஹூனின் பாஸ் காதில் விழாது.